கருப்பு நுரையை எடுக்கணும், வெள்ளை நுரையை விடணும்

வேலூர் பக்கத்து அணைக்கட்டு ஊரில் எங்களுக்குக் கொஞ்சம் கரும்பு, அதைக் காய்ச்சி வெல்லம் எடுப்போம். போன தை மாசம் முதல் இரண்டு கொப்பரை (சாறு காய்ச்சும் பெரிய பாத்திரம்) வெல்லமும் கருத்துப் போச்சு. வேலூர் மண்டியில் உடைத்துப் பார்த்துவிட்டு விலையைக் குறைத்தார்கள். மனசு ரொம்ப வலித்தது.

தப்பு நுரையில்தான் இருந்தது. சாறு நன்றாகக் கொதித்த பிறகுதான் நான் கரண்டியைக் கையில் எடுத்தேன். அதற்குள் அழுக்கு உடைந்து சாறோடு கலந்துவிடும். அப்புறம் என்ன அள்ளினாலும் வராது. கொதி வருவதற்குச் சற்று முன்னால், ஓரத்தில் சின்னக் குமிழி விடும்போது, சாம்பல் பச்சையில் தடித்த ஏடு ஒன்று மேலே கட்டும், நடுவில் மண்சுவர் போல வெடிக்கும். அதைத்தான் கருப்பு நுரை என்கிறேன். அந்த நேரம் அடுப்பில் கரும்புச் சக்கை போடுவதை நிறுத்தித் தீயை அடக்கி, ஏட்டை முழுசாக வழித்தெடுக்க வேண்டும். கரும்பின் மெழுகும் புரதமும் தூசியும் அதில்தான் இருக்கின்றன. வெண்டைச் செடித் தண்டை நசுக்கி ஊறவைத்த வழவழப்பான தண்ணீரை முன்கூட்டியே ஊற்றினால் அழுக்கு நன்றாகத் திரளும். சாற்றில் விடும் சுண்ணாம்புத் தெளிநீரையும் குறைத்தேன். அது மிஞ்சினாலும் வெல்லம் கருக்கும்.

பிறகு பொங்குவது வெள்ளை நுரை. அது வெறும் பாகு, அதை அள்ளினால் வெல்லம்தான் நஷ்டம். நாலு சொட்டு விளக்கெண்ணெய் விட்டால் அடங்கிவிடும்.

மூன்றாவது கொப்பரை தேன் நிறத்தில் இறங்கியது. அம்மா ஒரு உருண்டையைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாங்க.