உட்செவித் திரவம்: எங்கெல்லாம் தப்பாகப் புரிந்துகொள்கிறோம்

குளிக்கும்போது காதில் போகும் தண்ணீர், சளி பிடித்தால் செவிப்பறைக்குப் பின்னால் தேங்கும் நீர் இரண்டையும் உட்செவித் திரவம் என்று நினைப்பவர்கள் நிறைய. அவை வெளிச்செவி, நடுச்செவி சமாச்சாரம். உட்செவித் திரவம் எலும்புக்குள் மூடிக் கிடப்பது, அதை உண்டாக்கி அளவில் வைத்திருப்பது அங்குள்ள செல்கள்தான்.

அதுவும் ஒரே திரவம் இல்லை, இரண்டு. வெளியே பெரிலிம்ப், அதில் சோடியம் அதிகம். உள் குழாயில் எண்டோலிம்ப், அதில் பொட்டாசியம் லிட்டருக்கு 150 மில்லிமோல் அளவுக்கு இருக்கும், சோடியமோ காக்ளியாவில் (ஒலியை உணரும் நத்தைச் சுருள் போன்ற உட்செவிப் பகுதி) கிட்டத்தட்ட இல்லை. உடம்பில் செல்லுக்கு வெளியே இருக்கும் மற்றத் திரவங்களுக்கு இது நேர் தலைகீழ். பாடத்தில் நரம்புச் செல்லைப் படித்த பழக்கத்தில் "சோடியம் உள்ளே வந்ததும் செல் தூண்டப்படும்" என்று இங்கேயும் எழுதிவிடுகிறார்கள். ஒலியை உணரும் மயிர்ச்செல்லின் உச்சியில் ஒலியால் மயிர்கள் சாய்ந்ததும் உள்ளே பாய்வது பொட்டாசியம். அதைத் தள்ளிவிடும் மின்னழுத்தம், எண்டோலிம்பில் சுமார் 80 மில்லிவோல்ட், பக்கச் சுவரில் உள்ள ஸ்ட்ரியா வாஸ்குலாரிஸ் என்ற திசுவிலிருந்து வருகிறது. காக்ளியாவின் பேட்டரி அதுதான்.

என்னைக் கேட்டால் பெரிய தவறு, எல்லாப் பெருமையையும் மயிர்ச்செல்களுக்கே கொடுத்துவிடுவது. உள்ளே போன பொட்டாசியம் அவற்றின் அடிப்பக்கமாக வெளியேறியதும், அவற்றைச் சுற்றித் தாங்கும் துணைச் செல்களும் பக்கச் சுவரின் செல்களும் அதைக் கைமாற்றி மறுபடி ஸ்ட்ரியாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். இந்தத் துணைச் செல்களை இணைக்கும் கனெக்சின் 26 என்ற புரதத்தின் மரபணு கெட்டுப்போவது, பிறவிக் காது கேளாமைக்கு உலகின் பல பகுதிகளில் முக்கியக் காரணம். மயிர்ச்செல்லில் அந்தப் புரதம் கிடையவே கிடையாது!

உட்செவியின் செல்கள் எல்லாமே ஒரே இடத்தில் முளைத்தவை என்று எண்ணுவதும் சரியல்ல. கருவின் 4-ஆம் வார வாக்கில் தலையின் பக்கவாட்டில் வெளித்தோல் படலம் தடித்து, குழிந்து, ஒரு சிறு பையாக மூடிக்கொள்கிறது. மயிர்ச்செல், துணைச் செல், ஸ்ட்ரியாவின் உள்வரிசை எல்லாம் அந்தப் பையிலிருந்து வருபவை. ஸ்ட்ரியாவின் நடு வரிசையோ வெளியிலிருந்து குடியேறி வந்த நிறமிச் செல்கள், தோலுக்கு நிறம் தரும் அதே வம்சம். அவை வந்து சேராவிட்டால் பேட்டரி வேலை செய்யாது. வார்டன்பர்க் நோய்க்குறி என்ற மரபணுக் கோளாறு உள்ள சிலருக்கு வெள்ளை முடிக்கற்றையும் காது கேளாமையும் சேர்ந்தே வருவது இதனால்தான்.

அப்புறம், எண்டோலிம்ப் நாளப்பையை (எண்டோலிம்ப் குழாயின் முனையில் உள்ள சிறு பை) வெறும் வடிகால் என்று ஒதுக்கிவிடக் கூடாது. அயனிகளைக் கடத்தும் பென்ட்ரின் என்ற புரதம் இல்லாத எலிகளில் கருவிலேயே எண்டோலிம்ப் பெருகி உட்செவி வீங்குகிறது, காதும் கேட்காது. ஆனால் அந்தப் பையில் மட்டும் பென்ட்ரினைத் திரும்ப வைத்தபோது, காக்ளியாவில் இல்லாமலேயே எலிகளுக்குக் காது கேட்டது. ஆக, பை வளர்ச்சிக் காலத்தில் திரவத்தைச் சரியாக உறிஞ்சுகிறதா என்பதே பின்னாளில் கேட்பதைத் தீர்மானிக்கிறது.

மருந்து விஷயத்திலும் குழப்பம் உண்டு. ஃபுரோஸ்மைடு போன்ற சிறுநீர் பிரிக்கும் மருந்தை ரத்த நாளத்தில் வேகமாக, அதிக அளவில் ஏற்றும்போது கேட்கும் திறன் குறைந்தால் மயிர்ச்செல்கள் செத்துவிட்டதாக முடிவு கட்டுகிறார்கள். அந்த மருந்து தடுப்பது ஸ்ட்ரியாவில் பொட்டாசியம் போன்ற அயனிகளைக் கடத்தும் புரதத்தை, கேட்கும் திறன் பெரும்பாலும் திரும்பிவிடும். ஜென்டாமைசின் வகை ஆன்டிபயாடிக்கோடு சேரும்போது கதை வேறு, மயிர்ச்செல்களே அழியலாம், பாலூட்டிகளின் காக்ளியாவில் அவை மறுபடி முளைப்பதில்லை.

கடைசியாக, தலைசுற்றினாலே "காதில் நீர் கூடிவிட்டது" என்று உப்பைக் குறைக்கத் தொடங்குவது. எண்டோலிம்ப் பெருக்கத்தோடு தொடர்புள்ளது மெனியர் நோய், அதில் சுற்றலோடு காது இரைச்சலும் கேட்கும் திறன் ஏறி இறங்குவதும் சேர்ந்து வரும். படுக்கையில் புரளும்போது சில நொடிகள் மட்டும் சுற்றினால், பெரும்பாலும் உட்செவியின் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறியிருக்கும். அதற்கு மருத்துவர் தலையைக் குறிப்பிட்ட விதத்தில் திருப்பித் துகள்களை நகர்த்துவார். உப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.