ஹெமி அபூர்வம்தான், எவ்வளவு அபூர்வம்?

பழைய அமெரிக்க காரை விற்கிறவர் 'ரொம்ப அபூர்வமான எஞ்சின்' என்றதும் மயங்கிவிடாதீர்கள், முதலில் விஐஎன் எண்ணை (ஒவ்வொரு காருக்கும் உள்ள அடையாள எண்) பாருங்கள். 1970 பிளிமத் குடாவில் ஐந்தாவது எழுத்து ஆர் என்றால் 426 ஹெமி, அதாவது கிரைஸ்லரின் 426 கன அங்குல எட்டு சிலிண்டர் (வி8) எஞ்சின். ஃபோர்டு மஸ்டாங்கிலும் ஐந்தாவது எழுத்துதான் எஞ்சினைச் சொல்லும், ஆனால் 1969 செவ்ரலே கமாரோவில் வி8-ஆ ஆறு சிலிண்டரா என்பது மட்டுமே தெரியும், எந்த வி8 என்பது தெரியாது. அங்கே பில்ட் ஷீட் (காரில் என்னென்ன பொருத்த வேண்டும் என்ற தொழிற்சாலைத் தாள்), எஞ்சின் பிளாக்கில் அடித்த முத்திரை எல்லாம் தேட வேண்டும் (முத்திரையைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடிப்பவர்களும் உண்டு, ஜாக்கிரதை).

அப்புறம் எத்தனை தயாரானது என்ற எண்ணிக்கை. 1970-இல் ஹெமி குடா ஹார்ட்டாப் (நிலையான கூரை) 652, கன்வெர்டிபிள் (மடக்கும் கூரை) வெறும் 14; கியர்பாக்ஸ், கலர் என்று பிரித்துக்கொண்டே போனால் எந்தக் காரையும் 'உலகில் ஒன்றே ஒன்று' ஆக்கிவிடலாம். மஸ்டாங் என்றால் மார்ட்டி ரிப்போர்ட் வாங்கிவிடுங்கள், 1967 முதலான கார்களுக்கு ஃபோர்டின் சொந்தத் தயாரிப்புப் பதிவிலிருந்தே எடுத்துத் தருகிறார்கள்.