மரக்காலைச் செயினில் நாம் விடும் தவறுகள்

காய்ந்த பாலைக் குற்றியையும் தண்ணீரில் போட்டால் தாழும். முதிரையும் பாரத்தில் அதற்கு அதிகம் குறைந்ததல்ல. வன்னியில் வீட்டு வளைக்கும் கதவு நிலைக்கும் இந்த மரங்களைத்தான் தேடுகிறோம். அரிகிற வாளைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறோம். குற்றியை வாளுக்குக் கொண்டுபோகும் தள்ளுவண்டியையும் உருளைகளையும் இழுக்கும் செயினையோ அறுந்த பிறகுதான் நினைக்கிறோம். வவுனியா, மாங்குளம், கிளிநொச்சிப் பக்கத்து மரக்காலைகளில் இயந்திரம் திருத்தப் போகும்போது நான் திரும்பத் திரும்பக் காணும் தவறுகள் சில உண்டு.

முதலாவது, செயின் தொங்கினால் ஒரு சோடிக் கண்ணியைக் கழற்றிவிட்டு இறுக்கிப் பூட்டுவது. இதுதான் அதிகம் நடக்கிறது, இதுதான் அதிக சேதமும் தருகிறது. செயின் ரப்பர் மாதிரி இழுபட்டு நீள்வதில்லை. கண்ணிகளைக் கோத்திருக்கும் பின்னும் அதைச் சுற்றியிருக்கும் புஷ்ஷும் உள்ளுக்குள் ஒன்றையொன்று தின்கின்றன. ஒவ்வொரு மூட்டிலும் மயிரளவு இடைவெளி விழ, நூறு மூட்டில் அது அங்குலக் கணக்காகிறது. கழற்றிய பழைய செயினில் ஒரு பின்னைத் தட்டி எடுத்து விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு ஓரமும் புதிது போலவே இருக்கும். நடுவில், ஒரு பக்கம் மட்டும், நகம் மாட்டும் அளவுக்குப் படி விழுந்து கண்ணாடி போலப் பளபளக்கும். அந்தப் படி செயின் முழுவதும் இருக்கும்போது இரண்டு கண்ணியைக் கழற்றி என்ன பயன்? நீண்ட செயின் பற்சக்கரத்தின் அடியில் அமராமல் பல்லின் நுனிக்கு ஏறும். பாரமான குற்றி ஏறியதும் பல்லைத் தாண்டிக் குதிக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஓர் அடிமட்டம் போதும். தகட்டில் பொறித்திருக்கும் இலக்கம்தான் செயினின் அளவு. 80ஆம் இலக்கச் செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்ததற்கும் இடையே ஓர் அங்குலம். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, செயினின் இறுகிய பக்கத்தில் ஒரு பின்னின் இடது விளிம்பில் மட்டத்தை வைத்து 13ஆவது பின்னின் இடது விளிம்புவரை அளக்க வேண்டும். புதிய செயின் 12 அங்குலம், அதாவது 304.8 மில்லிமீற்றர் காட்டும். 12¼ அங்குலம் வந்துவிட்டால் புதியதற்குச் சொல்லிவிடுங்கள். கொழும்பிலிருந்து வர நாள் எடுக்கும். 12⅜ அங்குலம் என்றால் நீட்சி 3 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அதற்கு மேல் ஓட்டக் கூடாது. 60ஆம் இலக்கத்தில் அந்த இடைவெளி முக்கால் அங்குலம் என்பதால் 17ஆவது பின்வரை எண்ண வேண்டும், அங்கேயும் புதியது 12 அங்குலம்தான்.

புதிய செயின் வாங்கினால் பற்சக்கரத்தையும் பாருங்கள். பல் கொக்கிபோல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அதையும் மாற்றத்தான் வேண்டும். செலவு என்று தள்ளிப்போட்டால், பழைய பல் புதுச் செயினையும் சீக்கிரமே தின்றுவிடும்.

இனித் தெரிவு செய்வதில் வரும் பிழைகள். செயின் அறுந்ததும் “இதைவிடப் பெரிசு போடு” என்பதுதான் முதலில் வரும் யோசனை. பெரிய கண்ணிச் செயினைப் போட்டால், இருக்கிற இடத்துக்குள் அடங்க 11 பல் சக்கரம்தான் கொள்ளும். 11 பல்லில் செயினின் வேகம் ஒவ்வொரு பல்லுக்கும் 4 சதவீதம்வரை ஏறி இறங்கும், 17 பல்லில் 2 சதவீதத்துக்கும் குறைவு. அந்த ஏற்ற இறக்கம்தான் டக் டக் என்று கேட்கும் அடி. ஆகவே 17 பல்லுக்குக் குறையாமல் பாருங்கள். அதற்கு இடம் போதாவிட்டால் சிறிய கண்ணியுள்ள இரட்டை வரிச் செயின் நல்லது. எங்கே இடம் இருக்கிறதோ அங்கே பெரியதைப் போடலாம், அது வேறு கதை.

மோட்டரின் குதிரைவலுவை மட்டும் பார்த்துச் செயின் வாங்குவதும் தவறு. வன்மரம் அரிப்பது அதிர்ச்சிச் சுமை. 10 குதிரைவலு மின்மோட்டர் என்றால் 15க்குக் கணக்குப் பார்த்து வாங்க வேண்டும். நேரடியாகப் பூட்டிய டீசல் இயந்திரம் என்றால் 17. அட்டையில் எழுதியிருக்கும் அறும் பலம் நாள்தோறும் இழுக்கும் பலமல்ல. இழுப்பு எப்போதும் அதன் சிறு பங்குக்குள் நிற்க வேண்டும்.

இன்னொன்று, கண்ணால் ஒப்பிட்டு வாங்குவது. அமெரிக்க அளவின் 80க்கும் பிரித்தானிய அளவின் 16பீக்கும் கண்ணி ஒரே அளவு, ஓர் அங்குலம்தான். பக்கத்தில் வைத்தால் ஒன்று போலவே தெரியும். ஆனால் 80இன் பின் தடிப்பு 7.9 மில்லிமீற்றருக்குக் கிட்ட, 16பீயினது 8.28. ஒன்றின் இணைப்புக் கண்ணி மற்றதில் சரியாக இருக்காது. ஒரு மரக்காலையில் மழைக்காலத்தில் அவசரத்துக்கு அடித்து ஏற்றிய இணைப்பு, இரண்டாம் நாளே தகடு பிளந்து கிடந்ததைக் கண்டேன். தகட்டில் பொறித்திருக்கும் இலக்கத்தை வாசித்து, அதே இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். வளைந்த தகடுள்ள அரைக்கண்ணியை இந்தப் பாரத்தில் போடவே வேண்டாம், பலம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். பிளந்த தகட்டை வெல்டிங் பிடித்து ஓட்டுவது அதைவிடக் கெட்டது. சூடு பட்டதும் அந்த உருக்கின் பதம் போய்விடுகிறது.

பராமரிப்பில் பெரிய எதிரி மணல்தான். குற்றியை உழவு இயந்திரத்தில் கட்டி நிலத்தில் இழுத்து வருகிறோம். பட்டைக்குள் செம்மண்ணும் மணலும் ஏறுகின்றன. அவை செயினில் உதிர்கின்றன. மேலே கிறீஸ் பூசியிருந்தால் மணலும் மரத்தூளும் பாலைப் பட்டையின் பாலும் சேர்ந்து அரைக்கும் பசையாகிவிடும். கிறீஸ் மூட்டுக்குள் போவதே இல்லை, வெளியே மினுங்குவதோடு சரி. கழிவு ஒயிலும் வேண்டாம், அதில் ஏற்கெனவே உலோகத் தூள் இருக்கிறது. புதிய 30ஆம் இலக்க ஒயில், வெயில் கொளுத்தும் மாதங்களில் 40, அவ்வளவுதான். எட்டு மணி நேர வேலைக்கு ஒருமுறை, தொய்ந்த பக்கத்தில், செயினின் உட்புறமாக, தகடுகள் ஒன்றோடொன்று சேரும் இடுக்கில் விடுங்கள். கண்ணிக்குள் சுழலும் சிறு உருளையின் நடுவில் விட்டால் பின்னுக்குப் போகாது. அதற்கு முன் தூரிகையும் மண்ணெண்ணெயும் கொண்டு துடைப்பதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். குற்றியை வண்டியில் ஏற்ற முன்னர் பட்டையை உரித்தால் பாதி வேலை குறையும்.

இறுக்கத்திலும் பிழை விடுகிறோம். வீணைத் தந்திபோல் இறுக்கினால் பெயரிங்தான் முதலில் போகும். கிடையாக ஓடும் செயினில், சக்கரங்களுக்கு இடையே ஒரு மீற்றர் என்றால், நடுவில் மேலும் கீழுமாக மொத்தம் 4 சென்ரிமீற்றர் அசைவு இருக்கட்டும். நிமிர்ந்து ஓடுவதற்கு அதில் பாதி.

அப்புறம் எங்கள் பிரதேசத்துக்கே உரிய ஒன்று. போர்க்காலச் சன்னங்களும் ஷெல் துண்டுகளும் இன்னும் மரங்களுக்குள் இருக்கின்றன. பட்டை மூடி வளர்ந்துவிட்டதால் வெளியே தெரியாது. வாள் அதில் பட்டு வண்டி திடீரென நிற்கும்போது முழு அடியையும் வாங்குவது செயின். வாளை மாற்றிவிட்டு உடனே ஓடவிடுகிறார்கள், இது எனக்கு மிகவும் வேதனையான விடயம். அன்றைக்கே செயினைக் கைவிளக்குப் பிடித்துக் கண்ணி கண்ணியாகப் பார்க்க வேண்டும். தகட்டின் துளையோரத்தில் மயிர்க்கோடு போல வெடிப்பு, மடங்காமல் விறைத்த மூட்டு, கையால் சுழலாத உருளை, இவற்றில் எது இருந்தாலும் அந்தச் செயினை மாற்றத்தான் வேண்டும். உலோகம் கண்டுபிடிக்கும் கருவியால் குற்றியை முன்கூட்டியே தடவிப் பார்ப்பவர்களுக்கு இந்த வேலையே குறைவு.

செயினில் கைவைக்க முன்னர் சுவிச்சை நிறுத்தியது போதாது. மெயினை இறக்கிப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். சிக்கிய குற்றி செயினை இறுக்கிப் பிடித்திருக்கும், அதை விடுவித்த கணத்தில் சக்கரம் தானாகவே உருளலாம். ஒயில் விட வசதி என்று கழற்றி வைத்த மூடியையும் அன்றே பூட்டிவிடுங்கள்.