ஒருங்கும் இடைவெளி: விடை முனைகளில்தான் தவறுகிறது

ஓர் அடுக்குத் தொடர் (அடுக்குகளை முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போகும் தொடர்) எந்தெந்த x மதிப்புகளுக்கு ஒருங்கும், அதாவது அதன் கூட்டுத்தொகை ஒரு குறிப்பிட்ட எண்ணை நெருங்கும் என்று கேட்டால், விகிதச் சோதனை போட்டு ஆரம் (மையத்திலிருந்து எவ்வளவு தூரம் வரை ஒருங்கும் என்பது) கண்டுபிடிக்கிற வரை பெரும்பாலான மாணவர்கள் சரியாகவே செய்கிறார்கள். அதோடு கணக்கு முடிந்தது என்று பேனாவை மூடுவதில்தான் சிக்கல்.

n-ஆம் உறுப்பு (x − 3)ⁿ / (n·2ⁿ) என்று இருக்கட்டும்; n = 1 முதல். அடுத்தடுத்த உறுப்புகளின் விகிதத்துக்கு மட்டு போட்டு எல்லை எடுத்தால் |x − 3| / 2 வரும். விகிதச் சோதனைப்படி இது 1-ஐ விடச் சிறியதாக இருந்தால் தொடர் ஒருங்கும்; அப்படியென்றால் 1 < x < 5. மையம் 3, ஆரம் 2. மட்டு போட மறந்தவருக்கு x < 5 மட்டும் கிடைக்கும். இடப்பக்க முனையே காணாமல் போய்விடும்.

இனி x = 1, x = 5 இரண்டும் பாக்கி. இங்கே மறுபடியும் விகிதச் சோதனையைப் போடாதீர்கள். எல்லை 1 ஆகும் இடங்களைத்தானே முனைகள் என்று எடுத்தோம்? அங்கே மீண்டும் 1-தான் வரும், 1 வந்தால் அந்தச் சோதனையால் எதுவும் சொல்ல முடியாது. மூலத் தொடரிலேயே பிரதியிடுங்கள்.

x = 5 எனில்: 1 + 1/2 + 1/3 + 1/4 + …

உறுப்புகள் பூச்சியத்தை நோக்கிப் போகின்றன, ஆகவே ஒருங்கும் என்று எழுதுவது அடிக்கடி பார்க்கும் தவறு. 1/3 + 1/4 என்பது 1/2-ஐ விடப் பெரியது. 1/5 முதல் 1/8 வரை உள்ள நான்கும் சேர்ந்தாலும் அப்படித்தான். இப்படி அரை அரையாக முடிவில்லாமல் சேர்ந்துகொண்டே போகும், தொடர் விரியும், அதாவது ஒருங்காது. 14ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் ஒரேம் காட்டிய வழி இது. x = 1 எனில் −1 + 1/2 − 1/3 + …; குறி மாறி மாறி வருகிறது, அளவு குறைந்து பூச்சியத்துக்குப் போகிறது, லைப்னிட்ஸ் சோதனைப்படி ஒருங்கும். ஆக விடை [1, 5): 1 சேரும், 5 சேராது. அந்த அடைப்புக்குறியும் விடையின் பகுதிதான்.

ஒரு முனை சேரும், மற்றது சேராது என்று மனப்பாடம் செய்துவிடவும் கூடாது. அதே தொடரின் கீழே n-க்குப் பதில் n² இருந்தால் இரண்டு முனைகளும் சேரும். n-ஐயே எடுத்துவிட்டால் இரண்டும் சேராது. மூன்றுக்கும் ஆரம் 2தான்.

முனையைத் தள்ளிவிட்டால் என்ன இழப்பு? x − x³/3 + x⁵/5 − … என்ற தொடரைப் பாருங்கள். கேரளத்து மாதவருடையது என்று சொல்லப்படும் பை தொடர், இதில் x = 1 போடும்போது கிடைப்பது: 1 − 1/3 + 1/5 − … = பை/4. அது சரியாக முனையில் நிற்கிறது! ஆனால் முனையில் ஒருங்கும் வேகம் குறைவு. 100 உறுப்புகளைக் கூட்டி 4-ஆல் பெருக்கினாலும் 3.13 அளவில்தான் நிற்போம்.

ஆரத்திலேயே சறுக்குகிற இடங்களும் உண்டு. (2x + 1)ⁿ என்று இருந்தால் மையம் −1, ஆரம் 1 என்று எழுதிவிடுகிறார்கள். 2-ஐ வெளியே எடுங்கள்: மையம் −1/2, ஆரம் 1/2. x²ⁿ/4ⁿ-இல் வரும் நிபந்தனை x² < 4; ஆரம் 2, 4 அல்ல. அப்புறம் xⁿ/n!: எல்லை 0 வந்ததும் ஆரம் 0 என்று எழுதுவது நேர்த் தலைகீழ். எந்த x-க்கும் எல்லை 0, அதாவது எப்போதும் 1-ஐ விடச் சிறியது. எனவே எல்லா மெய்யெண்களுக்கும் ஒருங்கும், சோதிக்க முனையே கிடையாது. n!·xⁿ-க்குத்தான் ஆரம் 0. அதுவும் x = 0-இல் ஒருங்கும்; 'எங்குமே ஒருங்காது' என்று எழுதினால் தவறு.

கடைசியாக ஒன்று. தொடரை உறுப்பு உறுப்பாக வகையிட்டால் ஆரம் மாறாது என்பது உண்மை. அதனால் இடைவெளியும் மாறாது என்று எடுத்துக்கொள்ள முடியாது. xⁿ/n² தொடர் [−1, 1] முழுவதும் ஒருங்கும். ஒருமுறை வகையிட்டால் xⁿ⁻¹/n வரும், x = 1 கைவிட்டுப் போகும். இன்னொரு முறை வகையிட்டால் −1-உம் போய்விடும். ஒவ்வொரு முறையும் முனைகளைப் புதிதாகத்தான் சோதிக்க வேண்டும்.