அசையும் பட பொம்மைகள்: பிள்ளைகளோடு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை விடுமுறையிலும், கடலூர், புதுச்சேரிப் பக்கம் புயல் மழைக்காகப் பள்ளிகள் மூடப்படும் நாட்களிலும், வீட்டில் அடைந்து கிடக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்வதற்கு, சுழற்றியோ புரட்டியோ பார்த்தால் வரைந்த படம் அசைவதுபோலத் தெரியும் அசையும் பட பொம்மைகளைப் போல ஏற்ற வேலை குறைவு. சார்ட் அட்டை, நூல், கறுப்பு மை, கத்தரிக்கோல் இருந்தால் போதும். ஆனால் பாடுபட்டுச் செய்து முடித்துச் சுழற்றினால், படம் அசைவதற்குப் பதிலாகச் சாம்பல் நிறப் பட்டையாகக் கலங்கித் தெரிவதும், தனக்கு வரைய வரவில்லை என்று பிள்ளை முகம் வாடி எழுந்து போவதும் பல வீடுகளில் நடக்கின்றன. பெரும்பாலும் குறை பிள்ளையின் ஓவியத்தில் இருப்பதில்லை. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே கண்ணுக்கு எதுவும் தெரியாத ஒரு கணம் வேண்டும். சுழலும் தட்டிலும் உருளையிலும் அந்த மறைப்பைத் தருவதற்காகவே துளைகளும் கறுப்பு மையும் இருக்கின்றன. அவற்றை அலங்காரமாக எண்ணி அலட்சியப்படுத்துவதே பெரிய தவறு.

முதலில் இருப்பதிலேயே எளிதானதைப் பார்க்கலாம். வட்ட அட்டையின் ஒரு பக்கம் கிளியும் மறுபக்கம் கூண்டும் வரைந்து, இரு ஓரங்களிலும் நூல் கட்டி முறுக்கி விட்டால் கிளி கூண்டுக்குள் போய்விடும். 1825-இல் லண்டனில் விற்பனைக்கு வந்து புகழ்பெற்ற இதன் பெயர் தாமட்ரோப். இதில் பெரியவர்களே செய்யும் பிழை, இரண்டு படங்களையும் ஒரே திசையில் நிமிர்த்தி வரைந்துவிடுவது. அட்டை நூலைச் சுற்றிப் புரளும்போது மேல் விளிம்பு கீழே வந்துவிடுவதால், அப்படி வரைந்த கூண்டு தலைகீழாகத் தெரியும். கிளியின் தலை எந்த விளிம்பை நோக்கி இருக்கிறதோ அதற்கு எதிர் விளிம்பை நோக்கியே கூண்டின் உச்சி இருக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இடத்தைக் குறித்துக்கொள்ளலாம் என்று தோன்றும். படம் சரியாக நடுவில் இல்லையென்றால் அது ஏமாற்றிவிடும். ஒரே அளவில் இரண்டு மெல்லிய வட்டங்களை வெட்டி, இரண்டிலும் படத்தை நிமிர்த்தியே வரைந்து, பிறகு ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி முதுகோடு முதுகாக ஒட்டுவதே குழப்பமில்லாத வழி. நூலுக்குப் பதில் ரப்பர் பேண்ட் கட்டினால் சிறிய கைகளுக்கும் முறுக்குவது எளிது.

அடுத்த நிலையில் வருபவை சுழல்தட்டும் சுழல் உருளையும். விளிம்பில் நீள்துளைகள் வெட்டி, முன்பக்கம் படங்கள் வரைந்த தட்டைக் கண்ணாடிக்கு எதிரே சுழற்றி, தட்டின் பின்னாலிருந்து துளைகளின் வழியே பிம்பத்தைப் பார்க்கும் முறையை, பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோசப் பிளாட்டோ 1832-இல் கண்டறிந்தார். ஏறத்தாழ அதே காலத்தில் ஆஸ்திரியாவில் சைமன் ஸ்டாம்ப்ஃபரும் தனியாக இதையே எட்டியிருந்தார். இதை, சுவரில் துளைகளும் உட்புறம் படப்பட்டையும் கொண்ட உருளை வடிவத்துக்கு மாற்றும் யோசனையை ஆங்கிலேயரான வில்லியம் ஜார்ஜ் ஹார்னர் 1834-இல் முன்வைத்தார். பின்னாளில் ஸோட்ரோப் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது அதுவே. வீட்டில் செய்யும்போது துளையின் அகலத்தில்தான் காரியம் கெடுகிறது. நன்றாகத் தெரியட்டும் என்று ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டினால் வெளிச்சம் கூடும், படம் இழுபட்டுக் கலங்கும். ஒரு மில்லிமீட்டருக்குச் சுருக்கினால் படம் கூர்மையாகும், ஆனால் இருண்டுவிடும். மூன்று மில்லிமீட்டர் என்பது வீட்டுப் பொம்மைக்குப் பொருந்தி வரும் அளவு.

கண்ணுக்கு எதிரே வரும் பக்கம், அதாவது தட்டின் பின்புறமும் உருளையின் வெளிப்புறமும், மங்கலான கறுப்பாக இருக்க வேண்டும். பளபளக்கும் வார்னிஷ் பூசிய அட்டையும் வண்ண கிஃப்ட் பேப்பரும் வெளிச்சத்தைத் திருப்பி அடித்து, துளைக்குப் பின்னால் இருக்கும் படத்தை மறைத்துவிடும். பிள்ளை வெளிப்புறத்தில் பூ வரைந்து ஒட்ட ஆசைப்படுவது இயல்புதான், அந்த ஆசைக்கு அடிப்பக்கத்தைக் கொடுத்துவிடலாம். வெயில் அடிக்கும் திண்ணையில் உருளையை வைத்துச் சுழற்றுவதும் இதே வகைத் தவறு, ஏனெனில் வெளிப்புறம் பிரகாசமாகவும் உட்புறம் இருட்டாகவும் இருந்தால் எதுவும் தெரியாது. அறையை மங்கலாக்கி, மேசை விளக்கின் ஒளி உருளைக்குள் மேலிருந்து விழும்படி வைத்தால், அதே பொம்மை உயிர்பெற்றுவிடும். பிள்ளைகள் மேலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். துளையின் வழியாக எதிர்ச்சுவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தர வேண்டும்.

அளவு எடுப்பதில் வரும் பிழைகளும் சில்லறையானவை அல்ல. 20 சென்டிமீட்டர் உள்விட்டமுள்ள டப்பாவுக்குப் படப்பட்டையின் நீளம் ஏறத்தாழ 62.8 சென்டிமீட்டர்; பன்னிரண்டு படங்கள் என்றால் ஒவ்வொன்றுக்கும் 5.2 சென்டிமீட்டர் வரும். மூன்றால் பெருக்கி 60 என்று வெட்டினால் கடைசியில் ஒரு வெற்றிடம் நின்று, ஒவ்வொரு சுற்றிலும் படம் துள்ளும். ஒட்டுவதற்கான ஒரு சென்டிமீட்டரை இந்தக் கணக்கில் சேர்க்காமல் தனியாக விட வேண்டும். துளைகளின் எண்ணிக்கையும் படங்களின் எண்ணிக்கையும் சமமாக இருந்தால்தான் உருவம் நின்ற இடத்தில் அசையும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் ஊர்ந்து போகும். படகு ஓட வேண்டும் என்றால் அதையே வேண்டுமென்று செய்யலாம். வேகத்தைப் பொறுத்தவரை, வினாடிக்கு ஒரு சுற்று என்றால் பன்னிரண்டு படங்கள் கடந்துவிடும், அது போதும். பம்பரம் போல வீசிச் சுழற்றுவதால்தான் பட்டை சாம்பலாகிறது.

எதை வரைவது என்பதில் ஆசை அளவை மீறிவிடுகிறது. பன்னிரண்டு படங்களுக்குள் கதை சொல்ல முடியாது. சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே சேரும் அசைவே இதற்குப் பொருந்தும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் அலைமேல் ஏறி இறங்கும் படகு, ஊஞ்சல், கலங்கரை விளக்கின் சுழலும் ஒளி போன்றவை நல்ல தேர்வுகள். பந்து துள்ளுவதை எல்லோரும் வரைகிறார்கள், பெரும்பாலோர் ஒரே இடைவெளியில் உயர்த்திக்கொண்டே போவதால் அது லிஃப்ட்டில் ஏறுவதைப் போலத் தெரிகிறது. மேலே எறிந்த பந்து உயரப் போகப் போக வேகம் குறைந்து, உச்சியில் சற்றுத் தயங்கி, இறங்கும்போது வேகம் எடுக்கிறது. முதல் படத்தில் பந்தைத் தரையில் வைத்து, அடுத்த ஆறு படங்களில் முறையே 11, 9, 7, 5, 3, 1 மில்லிமீட்டர் உயர்த்துங்கள். ஏழாவது படத்தில் அது 36 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும். அங்கிருந்து அதே எண்களைத் தலைகீழாக வைத்து இறக்கினால், பன்னிரண்டாவது படத்தில் பந்து தரைக்கு 11 மில்லிமீட்டர் மேலே இருக்கும். அடுத்துச் சுற்றி வரும் முதல் படம் அதைத் தரையில் சேர்த்துவிடும். ஸ்கேல் பிடிக்கத் தெரிந்த எந்தப் பிள்ளையும் இதைச் செய்துவிடும். அசையாத பகுதிகளை ஒவ்வொரு படத்திலும் மனக்கண்ணால் வரையாமல், கீழே முந்தைய படத்தை வைத்துப் பிரதி எடுப்பதும் அவசியம். இல்லையென்றால் தரையே நடுங்கும்.

விரலால் புரட்டும் படப் புத்தகத்தில் காகிதமே முக்கால்வாசி வேலை. நோட்டுத் தாள் தொய்ந்துவிடும், அஞ்சலட்டைக் கனமுள்ள தாள்தான் விரலிலிருந்து ஒவ்வொன்றாக நழுவும். புதுச்சேரியில் எளிதில் கிடைக்கும் கைத்தாள் பார்க்க அழகாக இருந்தாலும், ஓரங்கள் பிசிறாக இருப்பதால் பக்கங்கள் இரண்டிரண்டாகப் புரளும். அதை மேலட்டைக்கு வைத்துக்கொள்வது நல்லது. கட்டுக்கு அருகில் வரைந்த படம் புரட்டும்போது மறைந்துபோகும், ஆகவே வெளி ஓரத்தையே பயன்படுத்த வேண்டும். ஐப்பசி, கார்த்திகையின் ஈரக்காற்றில் நீர்ப் பசை உடனே காயாது, அட்டையும் வளையும். கனமான புத்தகத்தின் அடியில் ஓர் இரவு வைத்திருந்த பிறகு வெட்டுவது உத்தமம்.

படம் கண்ணிலேயே தங்கிவிடுவதால் அசைவு தெரிகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவது இன்னொரு வழக்கம். கிளி, கூண்டு விஷயத்தில் அது ஓரளவு பொருந்தும். ஆனால் படங்கள் வெறுமனே தங்கி ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் குழப்பமே மிஞ்சும், பந்து எழும்பாது. தனித்தனிப் படங்களை அசைவாக இணைத்துக்கொள்வது மூளையின் வேலை. உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1912-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியது.

துளைகளைக் கட்டரால் வெட்டும் பொறுப்பைப் பெரியவர் ஏற்க வேண்டும். பிள்ளைக்கு வலிப்பு இருந்தால், மின்னி மின்னி எரியும் விளக்கின் கீழ் தட்டைச் சுழற்றிக் காட்டும் விளையாட்டைத் தவிர்த்துவிட வேண்டும். துளைவழிப் பார்ப்பதிலும் ஒளி விட்டுவிட்டே வருவதால் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. ஐந்து, ஆறு வயதுக் குழந்தையிடம் நேரே உருளையைக் கொடுக்காமல் கிளியும் கூண்டுமே கொடுங்கள். ஸ்கேலில் மில்லிமீட்டர் படிக்கக் கற்ற பிறகு பந்துக்குப் போகலாம்.