ஆர்.பி.என். படிப்பு: ஏழு நாட்களைக் கூறுபோடுவது எப்படி?

ஒன்ராறியோவில் பி.எஸ்.டபிள்யூ. (முதியோரையும் நோயாளரையும் பராமரிக்கும் உதவியாளர்) வேலை செய்துகொண்டே, அடுத்ததாக ஆர்.பி.என். (ரெஜிஸ்டர்ட் பிராக்டிக்கல் நேர்ஸ்) ஆவதற்குப் பிராக்டிக்கல் நேர்சிங் படிப்போமா என்று யோசிக்கிற நம்மவர்கள் நிறையப் பேர். என்னிடம் கேட்கிறவர்களின் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "பாடம் கஷ்டமோ அக்கா?"

பாடம் தனித்தனியே எடுத்தால் கஷ்டமில்லை. உடலியல் குவிஸ், மருந்தியல் சோதனை, லேப் செக்-ஆஃப் (செய்முறையை ஆசிரியர் முன் செய்துகாட்டும் சோதனை), கெயார் பிளான் (ஒரு நோயாளிக்கான பராமரிப்புத் திட்டம்) நாலும் ஒரே கிழமையில் வந்து நிற்கும் பாருங்கள், அதுதான் ஆளை விழுத்தும். நான் 38 வயதில், இரண்டு பிள்ளைகளோடும் சனிக்கிழமை வேலையோடும் படித்து முடித்தவள். என் வகுப்பில் இடையில் நின்றுபோனவர்களில் விளங்காமல் நின்றவர்கள் குறைவு, நேரம் பத்தாமல் நின்றவர்கள்தான் கூட.

படிப்பு இரண்டு வருடம், பொதுவாக நாலு செமஸ்டர். முடிந்ததும் சீ.என்.ஓ.வில் (காலேஜ் ஒஃப் நேர்சஸ் ஒஃப் ஒன்ராறியோ) பதிவுக்கு விண்ணப்பித்து, 2022 ஜனவரியில் தொடங்கிய ரெக்ஸ்-பிஎன் சோதனையை எழுத வேண்டும். (சீ.என்.ஓ.வின் பெயரில் காலேஜ் என்று இருந்தாலும் அங்கே யாரும் படிக்கப் போவதில்லை. அது தாதியரை ஒழுங்குபடுத்தும் அமைப்பு.)

படி 1: வகுப்பு தொடங்கமுதலே பேப்பர் வேலையை முடியுங்கள்

கிளினிக்கலுக்கு (வார்டில் செய்யும் பயிற்சி) போகத் தடுப்பூசி விபரம், சி.பி.ஆர். சான்றிதழ், என்-95 மாஸ்க் ஃபிட் டெஸ்ட், பொலிஸின் வல்னரபிள் செக்டர் அறிக்கை (பிள்ளைகள், முதியோர் போன்றவர்களோடு வேலை செய்வோருக்கான பின்னணிச் சோதனை) எல்லாம் கேட்பார்கள். ஒன்று குறைந்தாலும் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

இதில் காலை வாருவது டி.பி. (காசநோய்) தோல் சோதனை. அது இரண்டு கட்டம். முதல் ஊசி போட்டு 48 முதல் 72 மணித்தியாலத்துக்குள் கையைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஒன்று முதல் நாலு கிழமை கழித்து இரண்டாவது ஊசி, திரும்பவும் காட்ட வேண்டும். ஆக நாலு தரம் கிளினிக் படி ஏற வேண்டும். எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா) தடுப்பூசியும் தேவைப்பட்டால் டி.பி. ஊசியோடு அதே நாளில் போடுங்கள். முந்திப் போட்டுவிட்டால் குறைந்தது நாலு கிழமை பொறுக்க வேண்டும். உயிருள்ள தடுப்பூசி, டி.பி. சோதனையின் முடிவை மறைத்துவிடக் கூடும். எனக்கு இது தெரியாது. ஓகஸ்ட் கடைசியில் எம்.எம்.ஆரைப் போட்டுவிட்டுப் பெருமையாக இருந்தேன். முதல் இரண்டு கிளினிக்கல் நாளும் கையை விட்டுப் போயிற்று.

இன்னொன்று, இலங்கையில் பிறந்த எங்களில் பெரும்பாலானோருக்குக் குழந்தையிலேயே பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருப்பார்கள். அதனாலும் தோல் தடிக்கலாம். பயப்பட வேண்டாம், நெஞ்சு எக்ஸ்ரே கேட்பார்கள். அதற்கும் நாள் வேண்டும் என்பதை மட்டும் கணக்கில் எடுங்கள்.

படி 2: எல்லாத் திகதியும் ஒரே தாளில்

முதல் கிழமையில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கோர்ஸ் அவுட்லைன் தருவார்கள். அவற்றைக் கொம்பியூட்டரில் தனித்தனியாக வைத்திருப்பவர் கட்டாயம் ஒன்றைத் தவறவிடுவார். ஒரு பெரிய தாளில் செமஸ்டர் முழுவதையும் கட்டம் போட்டு, எல்லாச் சோதனையையும் அசைன்மென்டையும் பாடத்துக்கு ஒரு நிறமாக எழுதுங்கள். எழுதி முடித்து இரண்டடி தள்ளி நின்று பார்த்தால், எந்தக் கிழமை நிறம் நிறமாக மொய்த்துக் கிடக்கிறது என்று தெரியும். அநேகமாக மிட்டேர்ம் காலத்தில் ஒன்று, கடைசியில் ஒன்று. அந்தக் கிழமைகளில் வேலைக்கு லீவு இப்போதே கேளுங்கள்.

கொடுக்க வேண்டிய திகதியோடு, தொடங்க வேண்டிய திகதியையும் பத்து நாள் முன்னால் குறியுங்கள். என் தாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இருந்தது. "அம்மா, நாளைக்குச் சிவப்பு" என்று சின்னவன் சொல்வான். அவனுக்கு மருந்தியல் என்றால் என்னவென்று தெரியாது, சிவப்பென்றால் அன்று பீட்சா என்று தெரியும்.

படி 3: உள்ள மணித்தியாலத்தை உண்மையாக எண்ணுங்கள்

"நேரம் கிடைக்கும்போது படிப்பேன்" என்பதெல்லாம் இந்தப் படிப்பில் நடக்காது. என் இரண்டாம் செமஸ்டர்க் கிழமை இப்படி இருந்தது: திங்கள் முதல் புதன் வரை வகுப்பும் லேப்பும், வியாழன், வெள்ளி காலை ஏழு மணியிலிருந்து கிளினிக்கல், சனி வேலை. படிக்கக் கிடைத்தது இவ்வளவுதான்:

திங்கள் 2½, செவ்வாய் 2½, புதன் 1½, வியாழன் 0, வெள்ளி 1½, சனி 2, ஞாயிறு 6. மொத்தம் 16 மணித்தியாலம்.

வியாழனுக்குப் பூச்சியம் போட்டதைக் கவனியுங்கள். நாள் முழுக்க வார்டில் நின்றுவிட்டு வந்து, அடுத்த நாளும் ஐந்து மணிக்கு எழும்ப வேண்டியவர் படிக்கப் போவதில்லை, புத்தகத்துக்கு மேல் தூங்கப் போகிறார். அந்த இரவை முதலிலேயே கைவிட்டுவிட்டால் குற்ற உணர்ச்சியாவது மிச்சமாகும். 16இல் 5 உடலியலுக்கு, 4 மருந்தியலுக்கு, 3 கெயார் பிளானுக்கு. மிச்சம் நாலும் அந்தக் கிழமை எது கழுத்தைப் பிடிக்கிறதோ அதற்கு.

கிளினிக்கலுக்கு முந்திய இரவு நைட் ஷிப்ட் எடுக்காதீர்கள். காசு தேவைதான், எனக்கும் தேவைப்பட்டது. ஆனால் தூங்காத கையில் சிரிஞ்சைக் கொடுக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

படி 4: மருந்துக் கணக்கு, நாளுக்கு ஐந்து

பல கல்லூரிகளில் மருந்துக் கணக்குச் சோதனைக்குப் பாஸ் மார்க் 90 அல்லது அதற்கு மேல். கணக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான், விழுத்துவது தசமப் புள்ளி. ஓர் உதாரணம்: 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அசெட்டமினோஃபென், கிலோவுக்கு 15 மி.கி. பாணியில் 5 மி.லி.க்கு 160 மி.கி. இருக்கிறது. எத்தனை மி.லி. கொடுப்பீர்கள்?

தேவை 20 × 15 = 300 மி.கி. கல்குலேட்டரைத் தொடமுதல் மனதுக்குள் பாருங்கள்: 300 என்பது 160இன் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. அப்படியென்றால் விடையும் 10 மி.லி.க்குக் கொஞ்சம் குறைவாக வரவேண்டும். இப்போது போடுங்கள்: 300 ÷ 160 × 5 = 9.375, கிட்டத்தட்ட 9.4 மி.லி. நான் முதல் பயிற்சியில் 94 என்று எழுதினேன். ஒரு சின்னப் போத்தலே கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும்! முன்கூட்டி மதிப்பிடும் பழக்கம் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே பிடித்திருப்பேன்.

பஸ்ஸில் ஐந்து கணக்கு, தினமும். ".5" என்று எழுதாமல் "0.5" என்று எழுதப் பழகுங்கள். "5.0" என்று ஒருபோதும் எழுத வேண்டாம், புள்ளி தெரியாவிட்டால் அது ஐம்பதாகிவிடும்.

படி 5: மருந்துகளைக் குடும்பம் குடும்பமாகப் படியுங்கள்

நூற்றுக்கணக்கான மருந்தைத் தனித்தனியே பாடமாக்க முடியாது. பெயரின் வாலைப் பிடியுங்கள். "பிரில்" என்று முடிந்தால் ஒரு குடும்பம், "ஓலோல்" என்றால் இன்னொன்று, "சார்ட்டன்", "ஸ்டாட்டின்" என்று போகும். ஒரு குடும்பத்துக்கு ஓர் அட்டை: எதற்குக் கொடுப்பது, கொடுக்கமுதல் எதைப் பார்ப்பது, என்ன பக்கவிளைவு. "ஓலோல்" என்றால் முதலில் நாடித்துடிப்பும் பிரஷரும் பார்க்க வேண்டும்.

என்னுடைய முதல் பாடப்புத்தகம் அம்மாவின் பிளிஸ்டர் பக் (நாள்வாரியாகக் குளிசை அடைத்த அட்டை). மெட்ஃபோர்மின், அம்லோடிபின், ராமிபிரில், அட்டோர்வாஸ்டாட்டின். எங்கள் வயதுக்காரரின் வீடுகளில் இந்த நாலும் ஒன்றாகக் குடியிருக்கும். ராமிபிரில் அட்டையில் "வறட்டு இருமல்" என்று எழுதியபோதுதான் உறைத்தது. அம்மா மாதக்கணக்காகக் கொத்தமல்லி அவித்துக் குடித்துக்கொண்டிருந்தது இந்த இருமலுக்குத்தான். ஃபமிலி டொக்டரிடம் சொன்னோம், "சார்ட்டன்" ஒன்றுக்கு மாற்றினார், இருமல் ஓய்ந்தது. (குளிசையை நாங்களாக நிறுத்தவில்லை. நீங்களும் நிறுத்த வேண்டாம்.) அந்த அட்டையைச் சோதனைக்கென்று நான் திரும்பப் பார்த்ததே இல்லை.

படி 6: கெயார் பிளானை ஆறவிடாதீர்கள்

கிளினிக்கல் முடிந்த அன்றே, சூடு ஆறமுதல் எழுதினால் ஒன்றரை மணித்தியாலம். ஞாயிறு இரவுக்குத் தள்ளினால் நாலு மணித்தியாலமும் ஒரு தலையிடியும். அதனால்தான் என் அட்டவணையில் வெள்ளி இரவு ஒன்றரை.

வார்டில் ஒரு தாளை நாலாக மடித்து நாலு நோயாளிகளுக்கு நாலு கட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்: எத்தனை மணிக்கு என்ன மருந்து, வைட்டல்ஸ் (நாடி, பிரஷர், மூச்சு போன்ற அளவுகள்), என்ன மாறியது. அதில் பெயரோ அறை இலக்கமோ வெளியே போகக் கூடாது. இங்கே 2004ஆம் ஆண்டின் சுகாதாரத் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வீட்டுக்கு வேண்டியதைப் பெயரில்லாமல் குறித்துக்கொண்டு, தாளை அங்கேயே ஷ்ரெடர் பெட்டியில் போடுங்கள்.

புதியவர்கள் தடக்குவது குறிக்கோள் எழுதுவதில். நிமோனியாவோடு 84 வயதுப் பெரியவர், ஒக்சிஜன் 89 சதவீதம், நிமிடத்துக்கு 26 மூச்சு என்று வைப்போம். "நோயாளி நன்றாக மூச்சு விடுவார்" என்று எழுதினால் ஆசிரியர் சுழித்துத் திருப்பித் தருவார். "மதியம் 2 மணிக்குள் ஒக்சிஜன் 92க்கு மேல், மூச்சு 20 அல்லது அதற்குக் கீழ்" என்றால் அளக்கலாம். செய்யும் வேலைக்கும் காரணம் வேண்டும்: கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துகிறோம், உதரவிதானம் கீழிறங்கி நுரையீரல் விரிய இடம் கிடைப்பதால். கடைசியில், 2 மணிக்கு உண்மையில் என்ன இருந்தது என்று எழுதுங்கள். 91 என்றால் 91தான். குறிக்கோள் நிறைவேறாததற்கு மார்க் குறையாது, ஏன் என்று யோசிக்காததற்குக் குறையும்.

படி 7: லேப் செக்-ஆஃபுக்கு வாயும் பழக வேண்டும்

ஸ்டெரைல் டிரெசிங், கதீட்டர் எல்லாம் கைப்பழக்கம். வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிச் செய்யுங்கள். எங்கள் வீட்டில் இவர்தான் பொம்மை. தலை முதல் கால் வரை பரிசோதனை என்று சோஃபாவில் படுக்கவைத்தால், வயிற்றுச் சத்தம் கேட்கும் கட்டத்தில் குறட்டை கேட்கும்.

படி 8: கேள்வி செய்து படியுங்கள்

குறிப்பெடுத்து நிறம் தீட்டுவது படிப்பதுபோல இருக்கும், அவ்வளவுதான். அத்தியாயத்தை ஒரு தரம் வாசித்து, மூடிவைத்து, 20 கேள்வி செய்யுங்கள். நேர்சிங் கேள்விகளில் நாலு விடையும் சரிபோலவே இருக்கும், "எதை முதலில்?" என்பதுதான் கேள்வி. சுவாசப்பாதை, மூச்சு, இரத்த ஓட்டம் என்ற வரிசையை முதலில் ஓட்டிப் பாருங்கள். பிழைத்த கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். ரெக்ஸ்-பிஎன் சோதனைக்கு நான் புரட்டியது அந்தக் கொப்பியைத்தான்.

படி 9: சறுக்கினால், முதல் சோதனையோடேயே போய்ச் சொல்லுங்கள்

முதல் குவிஸில் 55 எடுத்துவிட்டு, வெட்கத்தில் பத்தாவது கிழமை வரை வாய் திறக்காதவர்களைப் பார்த்திருக்கிறேன். நேர்சிங் பாடங்களில் பாஸ் மார்க் அநேகமாக 60 அல்லது அதற்கு மேல். ஒரு பாடத்தில் விழுந்தால் அதைத் தொடரும் பாடம் எடுக்க முடியாமல் மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். தண்டனையின்றிப் பாடத்தை விடக்கூடிய கடைசித் திகதி ஒன்று இருக்கும், படி 2இன் தாளில் அதையும் கறுப்பு மையால் எழுதிவையுங்கள்.

கடைசிச் செமஸ்டரில் கொன்சொலிடேஷன் வரும், அதாவது ஒரு நேர்ஸோடு (பிரிசெப்டர்) சேர்ந்து வேலை செய்யும் இறுதிப் பயிற்சி. பிரிசெப்டரின் ஷிப்ட்தான் உங்கள் ஷிப்ட், இரவு, சனி, ஞாயிறு எல்லாம் அடங்கும். அப்போது நிரந்தரச் சனிக்கிழமை வேலை ஒத்துவராது. நான் மூன்றாம் செமஸ்டர் தொடக்கத்திலேயே மனேஜரிடம் சொல்லி, கூப்பிட்டால் மட்டும் போகிற வேலைக்கு மாறினேன், நாலு மாதச் செலவுக்கான காசையும் அதற்குமுன் சேர்த்துவைத்திருந்தேன்.