முனைவர் பட்டத்துக்கு எத்தனை ஆண்டு? நீலகிரியிலிருந்து வந்திருப்பவர்களுக்கு

கோத்தகிரியிலிருந்தோ குன்னூரிலிருந்தோ முனைவர் பட்ட ஆய்வுக்காக வெளிநாடு வந்திருக்கும் தம்பி தங்கைகளிடம், முதல் மாதத்திலேயே வீட்டார் தொலைபேசியில் கேட்பது "எப்போது முடித்துவிட்டு வருவாய்?" என்பதுதான். பச்சைத் தேயிலை விலையை நம்பியிருக்கும் குடும்பத்தில் ஓராண்டு கூடினாலும் கணக்கு மாறிவிடும் என்பதால், இதற்குச் சரியான விடை சொல்வது உங்கள் கடமை.

இந்தியாவில் 2022ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளின்படி, பாடப்பகுதியையும் சேர்த்துக் குறைந்தது 3 ஆண்டு, பொதுவாக 6 ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். அமெரிக்காவில் இளங்கலை முடித்தவரையே நேரடியாகச் சேர்த்துக்கொள்வதால், முதல் இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் வகுப்புகளிலும் தகுதித் தேர்விலும் கழிந்து, மொத்தம் 5, 6 ஆண்டுகள், சில துறைகளில் அதற்கு மேலும் ஆகும். உதகை அரசு கலைக் கல்லூரியில் முதுகலை முடித்தவரும் அங்கே மறுபடி வகுப்பில் உட்கார நேரிடலாம். அதைத் தாழ்வாக எண்ண வேண்டாம். பிரிட்டனில் 3 முதல் 4 ஆண்டுகள், வகுப்புகள் குறைவு. ஸ்வீடனில் 4 ஆண்டு ஆய்வு, கற்பிக்கும் பணியும் சேர்ந்தால் 5 ஆண்டாக நீளும்.

இவற்றைவிட முக்கியமானது, உதவித்தொகை நிற்கும் நாளும் ஆய்வேட்டை ஒப்படைக்கும் கெடுவும் விசா முடியும் நாளும் ஒன்றல்ல என்பது. பிரிட்டனில் மூன்றரை ஆண்டு உதவித்தொகையும் நான்காண்டுக் கெடுவும் பெற்றவர்கள் உண்டு. இடையிலுள்ள ஆறு மாத வாடகைக்கு வழி தேட வேண்டியவர் மாணவரே. ஆகையால் இம்மூன்று தேதிகளையும் சேர்ந்த வாரத்திலேயே அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு வாங்கி, ஒரே தாளில் குறித்து வையுங்கள்.

ஊரில் கைடு கொடுத்த தலைப்பை ஏற்று, அவர் அழைக்கும் வரை காத்திருந்து பழகியவர்கள் நாம். நானும் முதல் ஆறு மாதம் நெறியாளர் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையசைத்தேன். என் மௌனத்தை அவர் மரியாதையாகக் கொள்ளவில்லை, எனக்கென்று ஒரு கருத்தும் இல்லை என்றே எடுத்துக்கொண்டார். கூட்டத்துக்கு முன்பே ஒரு பக்கக் குறிப்பை அனுப்பி, உடன்படாத இடத்தைக் காரணத்தோடு சொல்லுங்கள்.

இறுதியில் வாய்மொழித் தேர்வு. நெதர்லாந்தில் அது ஒரு மணி நேரப் பொது நிகழ்வு என்பதால் பெற்றோரை அழைக்கலாம். பிரிட்டனில் தேர்வாளர்களுடன் மூடிய அறையில் நடக்கும். சிறு திருத்தங்களுடன் தேர்ச்சி என்பதே அங்கே வழக்கமான முடிவு. இதை வீட்டில் முன்கூட்டியே விளக்கிவிட்டால், ஊரில் இனிப்போடு காத்திருப்பவர்கள் 'திருத்தம்' என்ற சொல்லைக் கேட்டுக் கலங்க மாட்டார்கள்.